ரோமுக்குப் போகாத தேத்தண்ணி

பொறுமை எனக்குப் பிறப்பிலேயே இல்லை. பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்கிற வீட்டில் காப்பி கொதித்து மேலே வருகிற இரண்டு நிமிடத்தைக்கூடச் சும்மா விடமாட்டேன். அதற்குள் ஒரு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிடுவேன். வீட்டுக்காரச் சிஞ்ஞோரா சிரிப்பார். "யார் உன்னைத் துரத்துகிறார்கள்?" என்பார். முன்பெல்லாம் நானும் சிரித்துவிட்டுப் போவேன். இப்போது கேட்டால் பதில் இருக்கிறது. என் தம்பியின் அகதி வழக்கு ரோமில் இருக்கிற கடைசி நீதிமன்றத்துக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பதில் இல்லை. ஃபோன் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், அடிக்காவிட்டால் அதைவிட மோசம். போன கிழமை ஒரே மேசைவிரிப்பை இரண்டு தடவை ஸ்திரிக்கை போட்டுவிட்டு, மூன்றாம் தடவை கையில் எடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

பதில் வராதது மட்டும் என்னை இப்படி ஆட்டவில்லை. அந்த வழக்குக்குள் என்ன போனது, என்ன போகவில்லை என்று எனக்குத் தெரியும். போகவேண்டியதைப் போகவிடாமல் நிறுத்தியவள் நான்தான்.

எனக்கு மன்னார்ப் பக்கம். பலெர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். வந்த புதிதில் எங்கள் சனம் அரசாங்கக் கந்தோர்களில் விடியவே வரிசை பிடித்து, மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வாய் இருந்தது. அரைகுறை இத்தாலியனும் இருந்தது. ஒருவருடைய பெர்மெஸ்ஸோவுக்காக, இங்கே தங்குவதற்கான அனுமதிக்காக, ஒருநாள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன், அலுவல் முடிந்தது. அதோடு எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பேர் பரவிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால் நாலு பேர் கடித உறையோடு நிற்பார்கள். "அக்கா, இதென்னெண்டு ஒருக்காப் பாருங்கோவன்" என்பார்கள். நானும் வேண்டாவெறுப்பாக முகத்தை வைத்துக்கொண்டு வாங்குவேன். உள்ளுக்குள் உச்சி குளிரும்.

எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு அந்தந்த வீட்டிலேயே தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கு வெளியே வரக் கிடைப்பது வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான். ஞாயிறு கந்தோர் இல்லை. அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. வெறும் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, நாலைந்தைச் சேர்த்து என்னிடம் தந்துவிட்டுப் போவார்கள். மேலே என்ன எழுதவேண்டுமோ அதை நான் எழுதிக்கொள்வேன். பதிவுத் தபால் எடுக்க, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, வைத்தியரை மாற்ற, எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான். இதில் ஒரு பிழை இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. என் அலுமாரியில் ஒரு நீல ஃபைல் நிறைய அந்தக் கையெழுத்துகள் இருந்தன.

கந்தோர்த் தாள்களோடு நான் நிற்கவில்லை. கேஸும் எழுதினேன். அகதியாகக் கேட்பவர்களை விசாரிக்க ஒரு கொமிஷன் இருக்கிறது. அதற்கு முன்னால் போய் உட்கார முதல் தன் கதையை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் பத்துப் பேருக்காவது எழுதியிருப்பேன். ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வான், கட்டிய கண், இருட்டறை, அடி, ஒரு சொந்தக்காரர் யாரையோ பிடித்து வெளியே எடுத்தது, பிறகு ஓட்டம். முதலில் வந்த சிலருக்கு அது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஒருவருடைய முதுகை நானே பார்த்தேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பத்தாவது ஆளுக்கு வந்தபோது என் கை தானாகவே எழுதிற்று. ஆளை நிமிர்ந்து பார்க்காமலே எழுதினேன்.

அந்த நேரத்தில்தான் என் தம்பி வந்து சேர்ந்தான். என்னிலும் பதினாலு வயது இளையவன். நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அரைக் காற்சட்டையோடு நின்றவன், என் குசினிக் கதிரையில் தாடியோடு வந்து உட்கார்ந்தான். நான் பேனையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லு. எப்ப பிடிச்சவங்கள், எங்கை கொண்டு போனவங்கள்?"

"அக்கா, என்னை அவங்கள் பிடிக்கேல்லை. அடிக்கவும் இல்லை. தேத்தண்ணி தந்தவங்கள்."

"என்ன?"

"நேவிக் காம்பிலை. வாசலிலை இருத்தி வைச்சு, ஒவ்வொரு ஞாயிறும்..."

"உனக்கென்ன விசரே? நேவியோடை இருந்து தேத்தண்ணி குடிச்சவனுக்கு ஆர் இஞ்சை அகதி எண்டு விசா குடுப்பான்? இதை இனி வாயாலை எடுக்காதை."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எனக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது, அடுப்பில் கறி இருந்தது, பின்னேர வேலைக்குப் போகவேண்டியிருந்தது. வானைப் போட்டேன். கண்ணைக் கட்டினேன். இரண்டு நாள் இருட்டறையில் வைத்தேன். அவனைக் கொண்டு அதைப் பாடமாக்கச் செய்தேன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் பண்ணுகிற மாதிரி, இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அவன் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது.

கொமிஷன் மறுத்தது. காரணம் ஒரு பந்தியில் இருந்தது. சொல்லப்பட்ட சம்பவங்கள் பொதுவானவை, அந்த மனிதருக்கே உரிய விவரம் ஒன்றும் இல்லை, நம்ப முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தை மேசையில் அடித்தேன். இவர்களுக்கு என்ன தெரியும், வெள்ளை வானைக் கண்டிருக்கிறார்களா என்று கத்தினேன். தம்பி அந்தக் கடிதத்தை எடுத்து மடித்து உறையில் போட்டான். பிறகு வழக்குப் போட்டோம். இங்குள்ள நீதிமன்றத்தில் அவனைச் சிறிது நேரம் விசாரித்தார்கள். அவன் அதே பாடத்தை அதே ஒழுங்கில் ஒப்புவித்தான். பல மாதம் கழித்து அங்கேயும் மறுப்பு வந்தது. ஏறக்குறைய அதே சொற்கள்.

மறுப்பு வந்த செய்தியை அவொக்காத்தாதான் ஃபோனில் சொன்னார். எங்கள் சட்டத்தரணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாற்பது வயதிருக்கும். வுச்சீரியாச் சந்தைக்கு மேலே ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் அவருடைய அறை. "முப்பது நாள் இருக்கிறது. ரோமுக்குப் போகலாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், புதிய அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும்" என்றார்.

தம்பி அப்போது மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் தனியாக இருக்கிற ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம். கிழவருக்கு எழுந்து நடக்க ஏலாது, பிள்ளைகள் வடக்கே மிலானில். தம்பிக்கு வியாழன் பின்னேரம் மட்டும் விடுதலை. விட்டுவிட்டு ஓடி வந்தால் வேலை போகும், வேலையோடு படுக்கிற இடமும் போகும். எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. நீல ஃபைல் இருக்கிறதே. அவனும் ஐந்து தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தான். கோயில் திருநாள் வேலை, சிஞ்ஞோரா வீட்டில் விருந்து என்று எட்டு நாளை ஓட்டிவிட்டு, ஒன்பதாம் நாள் அந்தத் தாளில் ஒன்றை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு படியேறினேன்.

அவொக்காத்தா தாளைப் பார்த்தார். "இது எப்போது வைத்த கையெழுத்து?"

"நேற்று."

"நேற்று திங்கட்கிழமை. மலையிலிருந்து வந்தாரா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் கோபிக்கவில்லை. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மறுப்புத் தீர்ப்பு அறிவிக்கப்பட்ட பிறகு இட்ட கையெழுத்தாக இருக்கவேண்டும், அந்தத் திகதியை அவரே தன் கைப்பட உறுதி செய்து எழுதவேண்டும், இல்லாவிட்டால் ரோமில் வழக்கைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள் என்றார். "நான் பொய்த் திகதி எழுத மாட்டேன். எழுதினால் உங்கள் தம்பியின் வழக்கும் போகும், என் தொழிலும் போகும்."

"திறந்தால் என்ன பார்ப்பார்கள்? அவனுக்கு நடந்ததைப் பார்ப்பார்களா?"

"இல்லை. அவரைப் பார்க்க மாட்டார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று கேட்கவும் மாட்டார்கள். இங்குள்ள நீதிபதி சட்டத்தைச் சரியாகப் பாவித்தாரா என்று மட்டும் பார்ப்பார்கள். மற்ற வழக்குகளுக்கு நடுவில் இன்னொரு நீதிமன்றம் உண்டு, கதையை மறுபடி சொல்லலாம். அகதி வழக்குக்கு அந்தப் படியைச் சட்டம் எடுத்துவிட்டது. இங்கே ஒருமுறை, அதற்குப் பிறகு நேரே ரோம்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிற்று. சோறு வெந்ததா என்று பார்க்காமல், அரிசி அளந்த விதம் சரியா என்று மட்டும் பார்க்கிற ஒரு நீதிமன்றம். ஒரு மனிதன் எந்த நாளில் ஊரைவிட்டு ஓடினான் என்பதைக் கேட்க அங்கே ஆளில்லை, அவன் எந்த நாளில் கையெழுத்துப் போட்டான் என்பதைக் கேட்க இருக்கிறார்கள். இதை நான் அவொக்காத்தாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். "ஓம், அப்படித்தான்" என்கிற மாதிரித் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, வருகிற வியாழனுக்கு அவனைக் கூட்டிவரச் சொன்னார்.

அந்த வியாழன் கிழவருக்குக் காய்ச்சல். தம்பி வரவில்லை. அதற்கடுத்த வியாழன் பஸ் வேலைநிறுத்தம். நான் அன்றைக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பஸ் வருகிற பக்கத்தில் ஒரு மணித்தியாலம் மேலும் கீழும் நடந்துவிட்டு, பிறகுதான் அறிவிப்புத் தாளை வாசித்தேன். மற்றவர்களுக்கு அறிவிப்பு வாசித்துச் சொல்கிறவள்! அந்தக் கிழமை முழுக்க என் கை ஒன்றிலும் நிலைக்கவில்லை. சிஞ்ஞோராவின் வீட்டில் ஒரு கிண்ணம் உடைந்தது, மறுநாள் அதன் மூடியும் உடைந்தது. இந்த முப்பது நாளும் போனால் தம்பிக்கு ஒன்றுமில்லை. பெர்மெஸ்ஸோ இல்லை, வேலை இல்லை, பிறகு ஒருநாள் கொழும்பு விமானத்தில் ஏற்றுவார்கள். எட்டு நாளை வீணாக்கியவள் நான். அவனிடம் ஃபோனில் சொல்லும்போது, "லோயர் சும்மா இழுத்தடிக்கிறா" என்று சொல்லிவைத்தேன்.

கடைசி வியாழன் இருபத்தைந்தாம் நாள். தம்பி இரண்டரைக்கு வந்து இறங்கினான். கிழவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துவிட்டு வந்திருந்தான். அவொக்காத்தா நீதிமன்றத்தில், ஐந்து மணிக்குத்தான் அறைக்கு வருவார். இரண்டரை மணித்தியாலம் கிடந்தது. எனக்கு நடக்கவேண்டும் போலிருந்தது. இப்போதே போய் அந்தப் படியில் நின்றுகொண்டிருந்தால் ஏதோ கொஞ்சம் முன்னேறிய மாதிரி. தம்பி ஸ்ரேஷனுக்கு எதிரே ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டான்.

"எழும்பு, போவம்."

"அஞ்சு மணிக்குத்தானே அக்கா. இருங்கோ."

இருந்தேன். எழும்பினேன். மறுபடி இருந்தேன்.

"ரோமிலை என்னைக் கூப்பிடுவினமோ?" என்று கேட்டான்.

"இல்லை. ஒருத்தரையும் கூப்பிடமாட்டினம். சட்டம் சரியோ எண்டு மட்டும் பாப்பினம்."

"அப்ப எனக்கு நடந்ததை இனி ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"கொமிஷனிலை கேட்டவைதானே. கோட்டிலையும் கேட்டவை. நீ ரெண்டு தரம் சொன்னனிதானே."

"நான் சொல்லேல்லை அக்கா. நீங்கள் எழுதினதைச் சொன்னனான்."

அவன் குரல் உயரவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம். அவன் களைத்துப்போய்ச் சொன்னான். "அப்ப இப்ப சொல்லு" என்றேன். நாலு வருடத்துக்குப் பிறகு கேட்டேன்.

அவன் சொன்னான். நேவிக்காரர் பிடித்து வைத்திருந்த கரையோரக் காணியைத் திருப்பிக் கேட்டு ஊர்ச் சனம் காம்புக்கு முன்னால் போய் நின்றபோது, குடும்பங்களின் பேர் எழுதிய கடுதாசியைக் கையில் வைத்திருந்தவன் இவன். அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது காம்பு வாசலில் கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி. மரியாதையாக, "வாங்கோ தம்பி, இருங்கோ" என்றிருக்கிறான். கேள்வி ஒன்றும் இல்லை. வாசலுக்கு வெளியே, றோட்டைப் பார்த்த மாதிரி ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை. கிளாஸில் தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு தட்டில் கிறீம் பிஸ்கட்.

"குடிச்சு முடிக்கும்வரைக்கும் எழும்ப விடமாட்டான் அக்கா. கெதியாக் குடிச்சா இன்னொண்டு ஊத்துவான். கோயிலாலை வாற சனம் முழுக்க அந்த றோட்டாலைதான் வரவேணும். முதல் கிழமை என்னைப் பாத்து, என்னடா எண்டு கையைக் காட்டிக் கேட்டவை. மூண்டாம் கிழமை குனிஞ்சுகொண்டு போச்சினம். அதுக்குப் பிறகு என்னைக் கண்டவுடனை றோட்டுக்கு மற்றப் பக்கம் மாறிப் போச்சினம். எனக்கு வாயிலை வைச்ச பிஸ்கட் உள்ளை போகாது. துப்பவும் ஏலாது, அவன் பாத்துக்கொண்டு நிண்டு சிரிப்பான்."

பிறகு கடுதாசியில் பேர் இருந்த இரண்டு பெடியளைப் பிடித்தார்கள். ஒருவன் திரும்பி வந்தான். மற்றவன் வரவில்லை. வராதவனின் தாய், இவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று மண் அள்ளித் தூற்றினாள். அம்மா இதை என்னிடம் ஃபோனில் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவரும் தம்பியைத் தங்கள் வள்ளத்தில் ஏற்றவில்லை. அவனுடைய வலையை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். அவன் ஞாயிறுகளில் காம்புப் பக்கம் போவதை விட்டான். அப்போது அந்த அதிகாரி வீட்டுக்கே வந்தான்.

"'ஏன் தம்பி வாறேல்லை, தேத்தண்ணி ஆறிப்போகுது' எண்டான். அம்மாவுக்கு முன்னாலை. பிறகு சொன்னான், 'பயப்பிடாதையுங்கோ, நாங்கள் உங்களை ஒண்டும் செய்யமாட்டம். உங்கடை ஊராக்கள் பாத்துக்கொள்ளுவினம்' எண்டு. அண்டைக்குத்தான் அக்கா எனக்கு விளங்கினது. அடுத்த கிழமை வெளிக்கிட்டனான்."

நான் வாங்கில் அசையாமல் இருந்தேன். பஸ்கள் வந்தன, போயின. இவனுக்காக நான் ஒரு இருட்டறை கட்டினேன். ஆயிரம் பேருக்கு நடந்த கதை, ஆயிரம் பேர் சொல்லிவிட்ட கதை. இவனுக்கு நடந்ததோ பட்டப்பகலில், கோயிலிலிருந்து வருகிற எல்லாரும் பார்க்க நடந்தது. இப்படி ஒன்றை உட்கார்ந்து யோசித்து உண்டாக்க யாருக்கும் வராது. அந்தக் கொமிஷன் இதைக் கேட்டிருந்தால் குறைந்தது பேனையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டிருக்கும். பொதுவானவை, அந்த மனிதருக்கே உரிய விவரம் இல்லை என்று அவர்கள் எழுதியது சரியாகத்தான் இருந்தது. அவர்கள் வாசித்தது என்னை. எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அவன்மீது கோபமாகவும் இருந்தது. ஏன் என்னை எதிர்த்துக் கத்தவில்லை இவன்? கத்தியிருந்தால் கேட்டிருப்பேனா என்று யோசித்தேன். கேட்டிருக்கமாட்டேன்.

வியா ரோமா என்கிற பெரிய வீதி வழியாக நடந்து ஐந்துக்கு முன்னமே போய்விட்டோம். அவொக்காத்தா வந்ததும் பத்திரத்தை எடுத்து வைத்தார். தம்பி கையெழுத்துப் போட்டான். அவர் அன்றைய திகதியை எழுதி, தான் உறுதி செய்வதாக எழுதி, தன் கையெழுத்தையும் போட்டார். எல்லாமாக நாலு நிமிடம் ஆகியிருக்காது. இந்த நாலு நிமிடத்துக்காக நான் ஒரு மாதம் பைத்தியமாகத் திரிந்தேன்.

எழும்பவேண்டிய நேரத்தில் நான் எழும்பவில்லை. "இன்னும் ஒன்று இருக்கிறது" என்றேன். தம்பியைச் சொல்லச் சொன்னேன். அவன் ஒவ்வொரு வசனமாகச் சொன்னான், நான் ஒவ்வொரு வசனமாக இத்தாலியனில் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை. சிவப்புக் கதிரை, கிறீம் பிஸ்கட், மண், வலை, எல்லாம். இருபத்திரண்டு வருடத்தில் நான் அப்படி மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான். எவ்வளவு கஷ்டமான வேலை அது என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவொக்காத்தா முழுவதையும் கேட்டார். பிறகு, "இது ரோமுக்குப் போகாது" என்றார்.

"இதுதான் உண்மை."

"விளங்குகிறது. ஆனால் அங்கே புதிதாக ஒன்றும் சொல்ல முடியாது. நீதிபதி அந்த நாட்டின் நிலைமையைத் தானாக விசாரித்திருக்கவேண்டும், விசாரிக்கவில்லை என்று எழுதப்போகிறேன். அது ஒரு சட்டக் கேள்வி. பலமானது என்று சொல்லமாட்டேன்." பேனையை மூடினார், மறுபடி திறந்தார். "ரோம் மறுத்தால் இன்னொரு வழி இருக்கிறது. புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்த விஷயத்தை முன்பு சொல்லாமல் விட்டது அவருடைய சொந்தத் தவறால் அல்ல என்று காட்டவேண்டும். அதோடு, முன்பு சொன்ன கதை உண்மையல்ல என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டி வரும். அதை அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கதையைத் தயாரித்தவருக்கும் தொல்லை வரலாம்."

அவர் தம்பியைப் பார்த்தே கேட்டார். "ஏன் சொல்லவில்லை? யாருடைய தவறு?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"என்ரை பிழைதான் எண்டு சொல்லுங்கோ அக்கா. பயத்திலை மறைச்சுப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. உங்களைப் பற்றி ஒண்டும் கதைக்காதையுங்கோ."

அவொக்காத்தா காத்திருந்தார். கீழே சந்தைப் பக்கத்தில் யாரோ கத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். என் பெர்மெஸ்ஸோ நினைவுக்கு வந்தது. கோயில் வாசலில் உறையோடு நிற்கிற சனம் நினைவுக்கு வந்தது. நான் கேஸ் எழுதிக் கொடுத்த மற்ற ஆட்களும் நினைவுக்கு வந்தார்கள். அவன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இருக்காது.

"தன்னுடைய தவறு என்கிறார்," என்றேன். "பயத்தில் மறைத்தேன் என்கிறார்."

அவொக்காத்தா குனிந்து எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீர்கள்," என்றேன். "என் தம்பி பொய் சொல்கிறான்."

இரண்டு தீர்ப்பில் அவனைப் பற்றி அதைத்தான் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இந்த நாட்டில் அவன் தானாகச் சொன்ன பொய் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. அதையும் சொன்னேன், குசினி மேசையிலிருந்து தொடங்கி. இடையில் தம்பி, "அக்கா, என்ன சொல்லுறியள், என்ன சொல்லுறியள்" என்று என் கையைப் பிடித்து உலுப்பிக்கொண்டே இருந்தான்.

நான் முடித்ததும் அவொக்காத்தா எழுதியதை வெட்டினார். இன்னொரு தாளை எடுத்து, என்னுடைய முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டார்.